காந்தியடிகள் சுடப்பட்ட இடம் ராஜ்காட் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியை இரண்டே நாளில் சுற்றிப் பார்ப்பதற்கு வழி சொல்லும் கட்டுரை ஒன்று தங்கள் சென்ற மாத இதழில் வெளியாகியிருந்தது. காந்தியடிகள் சுடப்பட்ட இடம் ராஜ்காட் என்றும், அங்கே பத்து நிமிடம் நின்று வணங்கிவிட்டுச் செங்கோட்டைக்குப் போய்விடலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். இதழ் தபாலில் பத்து நாள் தாமதமாக வந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ராஜ்காட் அவருடைய உடல் எரியூட்டப்பட்ட இடம். 1948 ஜனவரி 30 அன்று மாலை 5.17 மணிக்கு அவர் சுடப்பட்டது பிர்லா மாளிகையின் தோட்டத்தில். அந்தச் சாலைக்கு அன்று அல்புகர்க் சாலை என்று பெயர். இன்று தீஸ் ஜனவரி மார்க், அதாவது 'ஜனவரி முப்பது சாலை'. சாலையின் பெயரே எந்த நாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தவர்கள் நடத்தும் பத்திரிகையில் இது எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

நான் மதுரைக்காரி. தமுக்கத்தை ஒட்டிய காந்தி அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. இரத்தம் பழுப்பேறிப் போன அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. 1979-இல் திருமணமாகித் தில்லிக்கு வந்ததும், கணவரிடம் முதலில் கேட்டது அந்த இடத்துக்கு அழைத்துப் போகச் சொல்லித்தான். அவரும் என்னை ராஜ்காட்டுக்கே அழைத்துப் போனார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் சொன்ன பிறகுதான் பிர்லா மாளிகை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே கட்டுரையாளரின் தவறு புதிதன்று என்பதை அறிவேன். எங்களுக்காவது எடுத்துச் சொல்ல ஓர் அண்டை வீட்டார் இருந்தார். தங்கள் வாசகர்களுக்குத் தங்கள் இதழை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தம் வாழ்நாளின் கடைசி 144 நாள்களைக் காந்தியடிகள் பிர்லா மாளிகையில்தான் கழித்தார். மதக் கலவரம் ஓய வேண்டும் என்று ஜனவரி 13 முதல் 18 வரை உண்ணாநோன்பு இருந்ததும் அங்கேதான். 20-ஆம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகும் கூட்டத்தை நிறுத்தாமல் நடத்தியதும் அங்கேதான். கடைசி நாள் சர்தார் படேலுடன் பேச்சு நீண்டுவிட்டதால், ஐந்து மணிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்று விரைந்து நடந்திருக்கிறார். அவர் அறையிலிருந்து விழுந்த இடம் வரைக்கும் காலடித் தடங்களைச் சிமென்ட்டில் வார்த்துவைத்திருக்கிறார்கள். 1986-இல் என் அம்மா வந்திருந்தபோது, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தடத்தின்மேலும் கால் பட்டுவிடாமல் ஓரமாகவே நடந்து வந்தார். முழங்கால் வலிக்காரர், நான் பிடித்துக்கொள்ளப் போனதற்குக் கையை உதறிவிட்டார். தூண் நிற்கும் இடத்தில் தடங்கள் முடிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, "இதுக்கு மேல இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிடம் போதும் என்று எழுதியவரை அந்தத் தடங்களின் ஓரமாக ஒருமுறை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று மனம் பதறுகிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் சப்தர்ஜங் சாலை நினைவகத்தைப் பற்றித் தாங்கள் விரிவாகவே எழுதினீர்கள். இந்திரா காந்தி விழுந்த நடைபாதையும், இரத்தம் படிந்த புடவையும், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையும் அங்கே இருக்கின்றன, எழுத வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய பிர்லா மாளிகையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன். அது வெளியாகவும் இல்லை, பதிலும் வரவில்லை. காந்தியடிகளின் செயலராக இருந்து, அந்த மாலை அவருக்குச் சில அடி தொலைவிலேயே நின்றிருந்த கல்யாணம் அவர்கள் 2021 வரை சென்னையில் நம்மிடையே வாழ்ந்தார். நேரில் கண்ட ஒருவரை இவ்வளவு அண்மைக் காலம் வரை பெற்றிருந்த தமிழ்நாட்டில், இடத்தையே மாற்றி அச்சடிப்பது எனக்குத் தாளவில்லை.

சென்ற மார்கழியில் என் தங்கை தெருவிலிருந்து நாற்பது பேர் காசி யாத்திரை முடித்துத் தில்லி வந்தார்கள். எங்கள் ஆர்.கே.புரம் மலை மந்திரில் தரிசனம் முடிந்ததும், பிர்லா மாளிகைக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, அழைத்து வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர், ராஜ்காட்டிலேயே எல்லாம் இருக்கிறது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பாலிகா பஜாரில் மட்டும் மூன்று மணி நேரம் நிறுத்தினார்கள். ராஜ்காட்டுக்கு எதிரிலேயே உள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்துக்குக்கூட அவர்களை அழைத்துப் போகவில்லை. காந்தியடிகள்மீது பாய்ந்த குண்டுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இடம் தீஸ் ஜனவரி மார்க் என்பதையும், பிர்லா மாளிகையின் இன்றைய பெயரான காந்தி ஸ்மிருதி என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் சிலர் ராஜ்காட்டுக்கு ஓட்டிவிடுவதால் சாலையின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும் என்பதையும், அருகிலுள்ள மெட்ரோ லோக் கல்யாண் மார்க் என்பதையும், கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்துப் போட்டால் நான்கு வரிக்கு மேல் ஆகாது. தங்கை தெருக்காரர்களில் இன்னொரு குழு பங்குனியில் புறப்படுகிறது; அதற்கு முன் வெளிவந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி அவர்களிடம் கொடுக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி.