கஜாவில் சாயாத வேம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வீட்டு வாசலில் பேவர் பிளாக் கற்கள் பதிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓர் அடி தோண்டி, கிரஷர் தூள் கொட்டி, இயந்திரம் வைத்து இறுக்கினால் கல் அமிழாது என்று எழுதியிருந்தார்கள். கார் நிற்கும் இடத்துக்கு அது சரியாக இருக்கலாம். வாசலில் மரம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு இருந்தது. 1989இல், மகள் பிறந்த ஆண்டு, என் மாமியார் நட்டது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது தெருவில் பாதி மரங்கள் வேரோடு போயின. எங்கள் வேம்பு மூன்று கிளைகளை மட்டும் இழந்து நின்றது. மின்சாரம் இல்லாத அத்தனை நாட்களும் அதன் அடியில்தான் அடுப்பு வைத்துச் சமைத்தோம்.

2021 தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து. வாசல் சேறாகிறது என்று கல் பதிக்க ஏற்பாடு செய்தோம். பொக்லைன் வந்து ஓர் அடி மண்ணை வழித்து எடுத்தது. முன்கை பருமன் உள்ள வேர்கள் வெளியே தெரிந்தன. "வேரை விட்டால் கல்லைத் தூக்கிவிடும் அம்மா, ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, மேல் வேர் போனால் ஒன்றும் ஆகாது" என்று மேஸ்திரி சொன்னார். கோடரியால் வெட்டினார்கள். தண்டை ஒட்டிக் கல் வைத்து, இடுக்கில் சிமெண்ட் பாலை ஊற்றினார்கள். வேரும் சுவாசிக்கிறது என்று முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்த கோடையில் இலை சிறுத்தது, உச்சி காய்ந்தது. வேம்புக்கு வரும் நுனிக்கருகல் நோய் என்றார்கள். அந்த நோய் கண்ட பக்கத்து வீட்டு வேம்பு பங்குனியில் துளிர்த்தது, எங்களுடையது துளிர்க்கவில்லை. 2022 ஆடிக் காற்றில் சுற்றுச்சுவர் மேல் சாய்ந்தது. நல்லவேளை, அப்போது தெருவில் யாரும் இல்லை. வீட்டுப் பக்கத்து வேர்கள் எல்லாம் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டு, நுனி கறுத்து அழுகியிருந்தன. புயலின்போது மரத்தைப் பிடித்து நிறுத்தியவை அந்த வேர்கள்தான்.

மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கிறது. கிளைகளின் நிழலையும் தாண்டிப் படர்கிறது. ஓர் அடி வழித்தால் போவது அதுதான். மிச்சமிருப்பதையும் இயந்திரத்தால் இறுக்கினால் மண்துகள்களுக்கு இடையே காற்று ஓட வழியில்லாமல் போகிறது.

கொல்லையில் ஒரு மாமரம் மிஞ்சியிருந்தது. 2023இல் அங்கே நடைபாதை தேவைப்பட்டபோது விசாரித்து, படித்து, வேறு மாதிரி செய்தோம். தண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி வீதம் சுற்றிலும் வேருக்காக விட வேண்டிய எல்லை என்பது மரம் வளர்ப்போர் கணக்கு. எங்கள் மா பத்து அங்குலம், ஆகவே பத்தடி. கொல்லையின் அகலமே பதினான்கு அடி. அத்தனையும் வெறும் மண்ணாக விட முடியாது. தண்டைச் சுற்றி நான்கு அடி மண்ணாகவே விட்டோம். அதற்கு அப்பால் மண்வெட்டிகூடப் படவில்லை. புல்லை மட்டும் கையால் செதுக்கினோம். தூள் கலக்காத கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லியை இரண்டு அங்குலம் பரப்பி, திமிசுக் கட்டையால் லேசாகத் தட்டி, அதன் மேல் 60 மில்லிமீட்டர் கல். இடுக்குகளிலும் அதே ஜல்லிதான், சிமெண்ட் கிடையாது. ஓரத்தில் கான்கிரீட் கட்டாமல் இரும்பு முளை அடித்துப் பட்டி நிறுத்தினோம். தோண்டாததால் பாதை நாலரை அங்குலம் உயர்ந்தது. அதற்காகத் தண்டைச் சுற்றி மண்ணை ஏற்றவில்லை. ஏற்றினால் அடிப்பட்டை அழுகும். சருகைக் கொட்டும்போதும் தண்டில் படாமல் தள்ளியே கொட்டினோம்.

"இப்படிப் போட்டால் கல் ஆடும்" என்றார் கொத்தனார். ஆடத்தான் செய்கிறது. இரண்டு மழைக்காலத்தில் ஐந்து கற்களை வேர் தூக்கியது. சிமெண்ட் இல்லாததால் நானே கம்பியால் நெம்பி எடுத்து, அடியில் ஜல்லியைக் குறைத்து மறுபடி வைத்தேன். அரைமணி நேர வேலை. மா இந்தச் சித்திரையிலும் காய்த்தது.

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. நம் ஊர்களில் தெருவோரப் புங்கையின் கழுத்துவரை கல் பதிக்கிறார்கள். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே மரத்தைச் சுற்றி எத்தனை அடி விட வேண்டும், அங்கே தோண்டலாமா கூடாதா என்று எழுதிச் சேர்க்க உள்ளாட்சிகளால் முடியாதா? உங்கள் நாளிதழ் இதைக் கேட்க வேண்டும். அடுத்த முறை அந்தக் கட்டுரையை வெளியிடும்போது மரத்துக்கென ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே பதித்துவிட்டவர்களுக்கு ஒன்று. தண்டைச் சுற்றி மூன்று, நான்கு அடிக்குக் கற்களை எடுத்துவிடுங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. கடப்பாரையை ஆழமாகக் குத்த வேண்டாம். இறுகிய தூளைக் கையால் வாரி எடுத்துவிட்டு மக்கிய உரமும் சருகும் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்தால் அந்த நீர் வேருக்குப் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
புதுக்கோட்டை.