தோற்று வாங்கிய புள்ளியும் புள்ளிதான், ஆசிரியர் ஐயா

மொன்றியல், 17 ஏப்ரல் 2025

ஆசிரியருக்கு,

நேற்றிரவு எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணி மொன்றியல் கனேடியன்ஸ், கரோலைனா அணியை 4-2 என்று வென்று, கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஓஃப்ஸுக்குள் நுழைந்துவிட்டது. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 82ஆவது ஆட்டத்தில்தான் அது உறுதியானது. இது முழுக்கச் சந்தோசத்தில் எழுதுகிற கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள், கொஞ்சம் கோபமும் கலந்திருக்கிறது. காரணம் செவ்வாய்க்கிழமை வந்த உங்கள் விளையாட்டுப் பக்கம்.

திங்கட்கிழமை எனக்கு இரவு வேலை. சிக்காகோவுடனான ஆட்டம் அன்றைக்குத்தான், சித்திரைப் புத்தாண்டும் அன்றைக்குத்தான். அம்மா காலையில் கோவிலுக்குப் போய்வந்த களைப்போடு இரவு ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்து, கடைசியான மூன்றாவது பகுதியோடு படுத்துவிட்டார். அதனால் முடிவை உங்கள் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறார். நான் செவ்வாய் காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, அவர் குசினி மேசையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனையோடு இருந்தார். தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

"இஞ்ச வா, இவங்கள் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

அம்மா ஊரில் கணக்குப் படிப்பித்தவர். நீங்கள் போட்டிருந்த பட்டியலில் மொன்றியலுக்கு வெற்றி 39, தோல்வி 42, புள்ளி 89. ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி என்று அவருக்குத் தெரியும், 39ஐ இரண்டால் பெருக்கினால் 78, அப்படியென்றால் மிச்சம் 11 எங்கேயிருந்து வந்தது? பக்கத்திலேயே 78 என்று எழுதி, 89ஐச் சுற்றி வட்டம் போட்டு, பெரிய கேள்விக்குறி ஒன்றும் வைத்திருந்தார். பட்டியலுக்கு மேலே மொன்றியல் மறுபடியும் தோற்றுவிட்டது, இனிக் கரைசேருவது கஷ்டம் என்கிற தோரணையில் உங்கள் செய்தி.

உண்மை என்னவென்றால் அந்தத் "தோல்வி"தான் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இவர்கள் ஆடுகிற வட அமெரிக்க லீக்கான என்.எச்.எல்.இல், ஆட்டத்தின் வழக்கமான 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றும் கிடையாது, ஆனால் 60 நிமிடமும் சமநிலையில் நின்று, பிறகு மேலதிக நேரத்திலோ, ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல் அடிக்கப் பார்க்கிற ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி தருவார்கள். மேலதிக நேரத் தோல்விக்குப் புள்ளி என்பது 1999-2000 பருவத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, இன்று நேற்று வந்த விதி இல்லை. அதனால்தான் உலகம் முழுக்க அந்தப் பட்டியலை வெற்றி, 60 நிமிடத் தோல்வி, அதற்குப் பிந்திய தோல்வி என்று 39-31-11 ஆக மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்கள். நீங்கள் கடைசி இரண்டையும் கூட்டி 42 ஆக்கிவிட்டீர்கள். அம்மா தேடிக்கொண்டிருந்த 11 அங்கேதான் ஒளிந்திருந்தது.

சனிக்கிழமை ரொறன்ரோவுடன் நடந்த ஆட்டத்தைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். 60 நிமிடம் முடிகிறபோது 0-0. நான் எழும்பி நின்று கை தட்டினேன். "ஏனடா கை தட்டுறாய், இன்னும் ஒருத்தரும் அடிக்கேல்லையே?" என்று அம்மா கேட்டார். ஒரு புள்ளி வந்துவிட்டது அம்மா என்றேன், அவர் அதைக் காதில் போடவில்லை, இவனுக்கு வேலைக் களைப்பு என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் ரொறன்ரோ ஒரு கோல் அடித்து 1-0 என்று வென்றது. எனக்குக் கவலை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, அதுவும் ரொறன்ரோவிடம் தோற்பது என்றால் வேலையிடத்தில் ஒரு கிழமைக்கு வாய் திறக்க முடியாது. ஆனாலும் பையில் ஒன்று விழுந்துவிட்டது. திங்கள் சிக்காகோவிடம் ஷூட்அவுட்டில் 4-3 என்று தோற்றபோது இன்னொன்று.

இப்போது கணக்கைப் பாருங்கள். 87இல் நின்ற நாங்கள் தோற்றுத் தோற்றே 89க்கு வந்தோம். அதே கடைசி இடத்துக்காகப் பின்னால் துரத்திக்கொண்டு வந்த கொலம்பஸோ அந்த நாட்களில் தோற்கிற யோசனையிலேயே இல்லை, லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலாவதாக நின்ற வோஷிங்டனையே அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தடவை அடித்துவிட்டு வந்தார்கள். அவர்கள் மிச்சம் எல்லாம் வென்றால் 89. சமமாக வந்தால் அடுத்ததாக 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களை எண்ணுவார்கள், அந்த எண்ணிக்கை எங்கள் பக்கம் இல்லை. அந்த இரண்டு "தோல்விப்" புள்ளிகளும் இல்லாமல் போயிருந்தால் நேற்றைய வெற்றிக்குப் பிறகும் நாங்கள் 89இல்தான் நின்றிருப்போம், இன்றிரவு கொலம்பஸ் ஆடுகிற ஆட்டத்தை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்போம். இப்போது 91. கொலம்பஸ் இன்றைக்கு எத்தனை கோல் அடித்தாலும் அடிக்கட்டும், நான் நித்திரை கொள்ளப்போகிறேன்.

இன்னொன்று, சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஷூட்அவுட்டை "தண்ட உதை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, ஐஸ் ஹொக்கியில் யார் எதை உதைக்கிறார்கள்? பக் என்கிற ரப்பர் வட்டைச் சறுக்குச் சப்பாத்தால் உதைத்து வலைக்குள் தள்ளினால் அது கோலே இல்லை. உதைபந்தாட்டச் செய்திக்கு வைத்திருக்கிற சொல்லை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஷூட்அவுட் என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் விளங்கும். எங்கள் வீட்டில் அம்மா அதைத் "தனிச்சண்டை" என்கிறார், ஒருவன் பக்கோடு தனியாக வருகிறான், எதிரே கோல்காப்பாளர் தனியாக நிற்கிறார், வேறு யாரும் கிட்ட வரக்கூடாது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை என்று சொல்வீர்கள். சரி, ஆனால் அதே பக்கத்தில் ஐ.பி.எல். பட்டியல் இருந்ததே? அதில் நிகர ஓட்ட விகிதத்தை தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரைக்கும் போட்டிருந்தீர்களே? சென்னை தோற்கிற தோல்வியில் மூன்று இலக்கம் பார்க்கிறவர்கள் நாங்கள் வாழ்கிற ஊரின் அணிக்கு ஒரு நிரல் கூடுதலாகப் போட முடியாதா? நானும் கிரிக்கெட் பார்க்கிறவன்தான், அதைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஹொக்கி வெள்ளைக்காரரின் விளையாட்டு, நம் சனம் பார்ப்பதில்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்தால் அது பழைய கதை. எங்கள் அம்மா தொடங்கியது 2021இல். அந்த வருடம் மொன்றியல் இறுதிச்சுற்றுக்குப் போனது, கோல் வாசலில் காரி பிரைஸ் நின்றார், வெளியே போக முடியாத காலம், வீட்டில் பார்ப்பதற்கு வேறு என்ன இருந்தது? தம்பா அணியிடம் தோற்றோம். அடுத்த பருவத்தில் 32 அணிகளில் 32ஆவதாக வந்தோம், அதைக்கூட அம்மா விடாமல் பார்த்தார், எனக்கே பொறுமை இல்லாமல் போன மாதங்கள் அவை. நானோ 1995இல் இந்த ஊருக்கு வந்தவன், மொன்றியல் கடைசியாக லீக்கின் ஸ்டான்லி கிண்ணம் வென்றது 1993இல், அதற்குப் பிறகு எந்தக் கனேடிய அணியும் வென்றதில்லை. வந்த நாளிலிருந்து "நீ இரண்டு வருசம் பிந்தி வந்திட்டாய்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்தப் பருவமும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். பெப்ரவரியில் தேசிய அணிகள் மோதிய நாலு நாடுகள் போட்டிக்காக லீக் நின்றபோது மொன்றியலிடம் 25-26-5, அதாவது 56 ஆட்டத்தில் 55 புள்ளி. திரும்பி வந்த பிறகு விளையாடிய 26 ஆட்டத்தில் 60 நிமிடத்துக்குள் தோற்றது ஐந்தே ஐந்து. 15 வெற்றி, ஆறு அந்த "பாதித் தோல்வி". அணித்தலைவர் சுசூக்கி ஒரு பக்கம் அணியை இழுத்துக்கொண்டு போகிறார், ஹட்சன் என்கிற பெடியன் பின்வரிசையில் நின்றுகொண்டு முதல் முழுப் பருவத்திலேயே 60 கோல்களுக்கு வழிபோட்டுக் கொடுத்திருக்கிறான். ரஷ்யாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய டெமிடோவ், வயது 19, திங்கள் இரவு தன் முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல், ஒரு கோலுக்கு உதவி. புத்தாண்டுக்கு நல்ல சகுனம் என்று அம்மா சொன்னாராம். இதில் ஒரு வரியாவது உங்கள் செய்தியில் வந்திருக்கலாம், தோல்வி என்ற சொல்லின் கீழே எல்லாம் புதைந்து போய்விட்டது.

நேற்று இரவும் எனக்கு வேலைதான். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றதால் வானொலி கேட்க வழியில்லை, கைபேசி காற்சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் அம்மா குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், எனக்குப் பையில் அதிர்வு மட்டும்தான் தெரியும், யார் அடித்தது என்று தெரியாது. ஆறு தடவை அதிர்ந்தது. இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று கேட்டேன், கடைசிச் செய்தியில் சொல் ஒன்றும் இல்லை, தொலைக்காட்சியில் பெல் சென்ரர் அரங்கத்துச் சனம் கத்துகிற சத்தமும் நடுவில் அம்மா மூக்கு உறிஞ்சுகிற சத்தமும்தான்.

நேர்மையாகச் சொன்னால் இந்தத் தோல்விப் புள்ளி முறை எனக்கே பிடிக்காது. ஓர் ஆட்டத்தில் இரண்டு புள்ளி பங்கிடப்படுகிறது, இன்னோர் ஆட்டத்தில் மூன்று புள்ளி, இது என்ன கணக்கு? மார்ச் மாதத்தில் மூன்றாவது பகுதி சமநிலையில் போனால் கடைசிப் பத்து நிமிடம் இரண்டு அணியும் ஆளுக்கொரு புள்ளியைப் பத்திரப்படுத்திக்கொண்டு ஊர்வலம் போவதைப் பார்க்கலாம். சர்வதேசப் போட்டிகளில் 60 நிமிடத்துக்குள் வென்றால் மூன்று, பிந்தி வென்றால் இரண்டு, பிந்தித் தோற்றால் ஒன்று, எப்படிப் பார்த்தாலும் கூட்டினால் மூன்று. எங்கள் ஊர் விக்டுவார் ஆடுகிற பெண்கள் லீக்கிலும் அதே முறைதான், அது எவ்வளவோ நியாயமானது. லீக்கின் மேற்குப் பிரிவில் கல்கரி எங்களைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தும் வெளியே நிற்கிறது, அது வேறு கதை, அவர்கள் மற்றப் பக்கத்தில் பிறந்துவிட்டார்கள். ஆனால் 11 புள்ளியை இப்படி வாங்கி உள்ளே போன அணியின் ரசிகன் இந்த வருடம் அதைப் பற்றிப் பெரிதாகக் கத்தினால் யாரும் மதிக்கமாட்டார்கள், அதனால் இந்த விசயத்தை அடுத்த ஒக்டோபருக்குத் தள்ளிவைக்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. பட்டியலில் ஆடிய ஆட்டங்கள், வெற்றி, தோல்வி, மேலதிக நேரத் தோல்வி, புள்ளி என்று ஐந்து நிரல் போடுங்கள். இடம் இருந்தால் 60 நிமிடத்துக்குள் வென்றவற்றுக்கு ஆறாவது ஒன்று, பருவத்தின் கடைசி மாதத்தில் மட்டும் போட்டாலும் போதும்.

இனிப் பிளேஓஃப்ஸ். எதிரே வோஷிங்டன், அங்கே ஒவெச்கின், இந்த மாதம் ஆறாம் திகதி 895ஆவது கோலை அடித்து கிரெட்ஸ்கியின் சாதனையை முறியடித்த மனிதர். ஏழு ஆட்டத்தில் முதலில் நாலு வென்றவர்கள் மேலே போவார்கள். இதில் ஷூட்அவுட் கிடையாது, சமநிலையில் முடிந்தால் இருபது இருபது நிமிடமாக, கோல் விழும்வரைக்கும், நடுச்சாமம் தாண்டினாலும் ஆடுவார்கள். தோற்றால் ஒரு புள்ளியும் இல்லை, அப்போது நீங்கள் தாராளமாகத் தோல்வி என்று தலைப்புப் போடலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை அம்மா வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். 42ஐ வெட்டி 31 என்று எழுதி, பக்கத்தில் 11 என்று தனியாகப் போட்டு, கீழே கூட்டல் குறியோடு 89 சரி என்று கையெழுத்தும் வைத்திருக்கிறார். இன்று காலை அதற்குக் கீழே 91 ஏறிவிட்டது. முதல் ஆட்டத்தின் நேரத்தைப் பத்திரிகையில் போடுவார்களா என்று கேட்கிறார், போடுவார்கள் என்று நான் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகன் ஒருவன்
மொன்றியல்