மெண்டல் ஒரு பாடம், டார்வின் இன்னொரு பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முன்னிட்டு உங்கள் மாணவர் பகுதியில் வெளியிட்ட உயிரியல் வினா-விடைகளைப் பார்த்தேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். அப்படி நம்பிப் படிப்பதால்தான் இந்தக் கடிதம். ஒரு சின்னத் திருத்தம், அப்புறம் கொஞ்சம் நீளமான ஒரு வழக்கு.

திருத்தம் முதலில். ‘ஓங்கு பண்பு என்பது பெரும்பாலானவர்களிடம் காணப்படும் பண்பு’ என்று ஒரு விடை வந்திருக்கிறது. ஒரே ஜீனின் இரண்டு வகைகள் (அல்லீல்கள்) ஓர் உடலில் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பதுதான் ஓங்குதன்மை. ஊரில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்பது வேறு கணக்கு. கையில் ஆறாவது விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகத்தான் இறங்குகிறது. தெருவில் எத்தனை ஆறுவிரல்காரர்களைப் பார்க்கிறோம்? ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு, அதாவது ஓங்கு அல்லீல் கூட இருந்தால் வெளியே தெரியாதது. நம் பக்கத்து ரத்த வங்கிகளில் அதுதான் அதிகம். இந்தக் குழப்பம் தீராமல் மேலே போனால் பரிணாமப் பாடம் முழுக்கவே குழம்பும்.

இப்போது வழக்கு. நம் மாநிலப் புத்தகத்தில் மரபியலும், உயிரின் தோற்றமும் பரிணாமமும் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடங்கள். முதல் பாடத்தில் பட்டாணிச் செடி, பன்னெட் கட்டம் (பெற்றோரின் பண்பு பிள்ளைகளுக்கு எப்படி இறங்கும் என்று போட்டுப் பார்க்கும் கட்டம்), 3:1 விகிதம். அடுத்த பாடத்தில் புதைபடிவம், லாமார்க், டார்வின். இரண்டுக்கும் நடுவே பாலமே இல்லை. உங்கள் வினா-விடையும் அதே கோட்டைப் பிடித்துத்தான் போகிறது. பிள்ளைகள் இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். மெண்டலுக்கும் டார்வினுக்கும் என்ன உறவு என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிழைக்க உதவும் பண்பு தலைமுறைதோறும் பெருகும் என்ற இயற்கைத் தேர்வை விளக்கி டார்வின் 1859-இல் தன் நூலை வெளியிட்டபோது, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளிடம் கலந்து கரைந்துவிடும் என்பதே பொது நம்பிக்கை. அப்படிக் கரைந்தால் ஒரு நல்ல மாற்றம் சில தலைமுறைகளில் நீர்த்துப்போகுமே என்று கேட்டவர்களுக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. அந்தப் பதில் 1866-இல் மெண்டலின் கட்டுரையாக அச்சில் வந்தது. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் காணாமல்போன குட்டைத்தன்மை இரண்டாம் தலைமுறையில் அப்படியே திரும்பி வந்தது: 787 நெட்டை, 277 குட்டை. எதுவும் கரையவில்லை. டார்வினின் நூலை மெண்டல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஓரக் குறிப்பு எழுதிப் படித்தார்; மெண்டலின் கட்டுரை டார்வின் கண்ணில் படவே இல்லை. 1900-இல்தான் உலகம் மெண்டலைத் திரும்பிப் பார்த்தது. பிஷர், ஹால்டேன், ரைட் ஆகிய அறிவியலாளர்கள் மெண்டல், டார்வின் இருவரையும் கணக்குப் போட்டு இணைத்து முடிக்க 1930-கள் ஆகிவிட்டன. (இவர்களில் ஹால்டேன் பிறகு இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.) இணைத்து இத்தனை காலமாகியும் நாம் இன்னும் தனித்தனியாகத்தான் நடத்துகிறோம்.

மத்தியப் பாடத்திட்டத்தின் நிலைமை இதைவிட மோசம். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடத்திலிருந்து 2023-இல் பரிணாமத்தை எடுத்துவிட்டு, மரபை மட்டும் வைத்துவிட்டார்கள். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் சொல்வார்கள். சரி, வணிகவியலோ கணினியோ எடுத்துப் போகிற பிள்ளை அதை எங்கே படிக்கும்?

இரண்டு பாடத்தையும் ஒன்றாக்க எடுத்துக்காட்டு தேடி டார்வின் போன கலாபகஸ் தீவுவரை போக வேண்டியதில்லை. நீலகிரி போதும். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் செய்த ரத்தப் பரிசோதனையில் கதிர் அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானதே அப்போதுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே வாலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் மாற்றம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாறிய ஜீனையே வாங்கிய குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. எலும்பில் தாங்க முடியாத வலி, சோகை, அடிக்கடி காய்ச்சல். ஒரு மாறிய ஜீன், ஒரு சரியான ஜீன் உள்ளவர்களை மருத்துவமனையில் கேரியர் என்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

இதுவரை மரபியல் பாடம். கேரியர்களான பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கேயே ஒரு தவறு நுழையும். ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் அதே நான்கில் ஒன்றுதான்; முன்னால் பிறந்தது என்னவென்று கருமுட்டைக்குத் தெரியாது. 3:1 என்பது நிகழ்தகவு என்று வகுப்பில் அழுத்திச் சொல்லாமல் விட்டால், அந்தப் பிழை மலைக் கிராமத்து வீடுவரை போய்ச் சேரும்.

பரிணாமம் எங்கே என்றால், அடுத்த கேள்வியில். இவ்வளவு கெடுதல் செய்யும் ஜீன் ஏன் ஒழியவில்லை? வயநாடு, கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. கேரியர்களை மலேரியா அவ்வளவு எளிதில் சாகடிப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆலிசன் என்பவர் 1954-இல் இதைக் காட்டினார்.

இதைப் பிள்ளைகளே கையால் செய்து பார்க்க முடியும். ஒரு பானையில் 200 மொச்சை. அதில் 20-க்கு மையால் பொட்டு. ஒரு மொச்சை ஒரு ஜீன், பொட்டு வைத்தது மாறிய ஜீன்; அதாவது மாறிய ஜீன் 10 சதவீதம். (புளியங்கொட்டையைக் கலந்தால் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும், கெட்டிக்காரப் பிள்ளை தேடி எடுத்துவிடும்.) கண்ணை மூடி இரண்டிரண்டாக எடுத்து, குறித்துக்கொண்டு, மறுபடி பானையிலேயே போட வேண்டும். ஒரு ஜோடி ஒரு குழந்தை. 100 குழந்தைகளில் சராசரியாக 81 பேருக்குப் பொட்டே இல்லை, 18 பேர் கேரியர், ஒருவருக்கு நோய். அந்த ஒரு குழந்தை பிழைக்கவில்லை என்று வைப்போம். மலேரியா இல்லாத ஊரில் மிச்சம் 99 பேர், 198 மொச்சை, அதில் பொட்டு 18. சதவீதம் சுமார் 9-க்கு இறங்கிவிட்டது. மலேரியா உள்ள ஊரில் அந்த 81 பேரில் 9 பேரைக் காய்ச்சல் கொண்டுபோகிறது என்று வையுங்கள். மிச்சம் 90 பேர், 180 மொச்சை, பொட்டு 18. சரியாக 10 சதவீதம்! ஜீன் நகரவே இல்லை. கணக்குக்காக நான் எடுத்த எண்கள்தான் இவை. ஆனாலும் கரும்பலகையில் இது விழும்போது வகுப்பு ஒரு நொடி அமைதியாகிறது.

கவனியுங்கள், மலேரியா வந்ததால் ஜீன் மாறவில்லை. எப்போதோ தற்செயலாக மாறிய ஜீன் யாரிடம் இருந்ததோ அவர்கள் பிழைத்தார்கள். ‘தேவைப்பட்டதால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது’ என்று இயற்கைத் தேர்வைப் படித்த பிறகும் எழுதுகிற பிள்ளைக்கு இந்தப் பானையைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அதே ஆட்டத்தை 20 மொச்சை, 2 பொட்டு என்று சின்னதாக ஆடி, பத்துக் குழந்தைகளை மட்டும் எடுத்தால், சில குழுக்களில் பொட்டு முதல் தலைமுறையிலேயே காணாமல் போய்விடும். அதை இயற்கைத் தேர்வு எதுவும் அகற்றவில்லை, வெறும் அதிர்ஷ்டம். சிறிய சமூகங்களின் மரபணுக் கதையில் இதுவும் முக்கியமான பங்கு.

நோயை ஒழித்தால் ஜீனும் ஒழிந்துவிடுமே என்று யாராவது கேட்பார்கள். மொச்சைக் கணக்கை நீட்டிப் பாருங்கள்: மலேரியாவே இல்லாமல், நோயுள்ள எந்தக் குழந்தையும் வளராமல் போனாலும், 10 சதவீதம் 5 ஆகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். மாறிய ஜீன்களில் பெரும்பகுதி நலமாக இருக்கும் கேரியர்களிடம்தானே இருக்கிறது. 2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் தொடங்கியபோது 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று இலக்கு வைத்ததும், முடிவைக் கையில் அட்டையாகக் கொடுப்பதும் இதனால்தான். அந்த அட்டையை வாங்கும் குடும்பத்தில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளையாவது அதைப் படித்துச் சொல்ல வேண்டாமா? ஒன்றைக் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இது எந்தச் சமூகத்துக்கும் உரிய குறையல்ல. ஆப்பிரிக்கா, அரேபியா, மத்திய இந்தியா என்று மலேரியா இருந்த பல இடங்களில் இது உண்டு. வகுப்பில் பழங்குடிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியரின் நாக்கு கவனமாக இருக்கட்டும்.

‘குரங்கிலிருந்து மனிதன் வந்தானா?’ என்ற கேள்வியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பொதுவான மூதாதை என்று ஒரு வரியில் முடிகிற விஷயத்துக்கு ஒரு பாடவேளையே போய்விடுகிறது.

அடுத்த தொகுப்பு வெளியிடும்போது ‘மெண்டல் பிறந்த ஆண்டு எது’ போன்ற இரண்டு கேள்விகளை எடுத்துவிட்டு, இந்த ஒன்றைப் போடுங்கள்: ‘கேரியர்களான பெற்றோரின் முதல் குழந்தைக்குக் கதிர் அரிவாள் செல் சோகை உள்ளது. (அ) இரண்டாவது குழந்தைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? (ஆ) அவர்கள் ஊரில் மலேரியா முழுதும் நின்றுவிட்டால், பல தலைமுறைகளில் அந்த ஜீனின் விகிதம் என்னவாகும், ஏன்?’ ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம். விடை வேண்டுமென்றால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை,
மேட்டுப்பாளையம்