மூன்றாம் மாடி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள பழைய குடியிருப்புச் சொந்தங்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் கூடத்தில் கிடக்கின்றன. அதில் ஒன்றின் மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசி மூன்று வாரம் எங்கள் வீட்டில் என்ன பாடு என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அவரும் வேண்டாம் என்கிறார்.

அவருக்கு வேறு ஊருக்குப் போஸ்டிங் ஆர்டர் வந்ததிலிருந்து நான் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டிகளுக்கு வெளியே எண் மட்டும். எந்த எண்ணில் என்ன என்பது என் நோட்டில். (பெட்டி மேலேயே எழுதினால் விலையுள்ளது எது என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி.) டி.சி., தடுப்பூசி அட்டை, மருத்துவக் கோப்பு எதையும் லாரியில் ஏற்றவில்லை, எல்லாம் என் கைப்பையில். 41 பெட்டிக்கும் கணக்கு இருந்தது. ஏழு வயசுப் பிள்ளை ஒன்று வீட்டுக்குள் நடமாடுகிறதே, அதற்குத்தான் பட்டியலில் இடமில்லை. அவன் எதைக் கேட்டாலும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்டா" என்றேன். ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டான். பரவாயில்லை, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன், பாருங்கள்.

லாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பின் ப்ளாக் மூன்றாம் மாடிப் பெண் இரவல் வாங்கிய இறகுப்பந்து மட்டையைத் திருப்பித் தர வந்தாள். பதின்மூன்று வயசு. இவன் காலி அலமாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு தடவை அதட்டியும் வெளியே வரவில்லை. அவள் அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அலமாரிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "இது எனக்கு ஆறாவது ஸ்கூல். உனக்கு?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "ரெண்டாவது."

"அப்ப நீ ஜூனியர்."

நான் பாத்திரம் சுற்றப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அலமாரி திறந்திருந்தது. பையன் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், அவள் கையெழுத்தில் பதினொரு விதிகள். எல்லாவற்றையும் சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் போனவுடன் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொள். அவசரம் வந்தபிறகு கேட்டால் அழுகை வரும். "எங்க பழைய ஸ்கூல்ல" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சொல்லலாம். பாடம் அங்கே முன்னால் போயிருக்கும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும், அதனால் நீ மக்கு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையைத் தேடு. ராத்திரி அழலாம், இரண்டாவது வாரத்திலிருந்து குறையும்.

அந்தக் கடைசி விதியைப் படித்ததும் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு? இங்கே வந்தபிறகு அவள் அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம், "எங்ககிட்ட இதெல்லாம் அவ சொன்னதே இல்லைக்கா" என்றார். இருவருமே பேச்சை மாற்றிவிட்டோம்.

உங்களை எல்லாம் மறந்துவிடவில்லை. வாஷிங் மெஷின் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகளை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து முறுக்கிக் கொடுத்த அண்ணன், ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துக் கதவைத் திறந்து வைக்கச் சொன்ன கீழ்வீட்டு அம்மா, குவார்ட்டர்ஸ் ஒப்படைக்கும்போது என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுக் காட்டியவர், மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய வீடுகள் (இரண்டு டிபன் டப்பா என்னோடு வந்துவிட்டன, அனுப்பி வைக்கிறேன்), அவர் இல்லாத இரவுகளில் ஹாலில் வந்து படுத்துக்கொண்டவர்கள். உங்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

அடுத்த ஆர்டர் எப்படியும் வரும். வந்த அன்றைக்கே, அட்டைப்பெட்டி வாங்கப் போவதற்கு முன்னால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். அவன் கேட்பதற்கெல்லாம் பதில் தெரியாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

அந்தத் தாள் இப்போது அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நேற்றுப் பார்த்தால் அடியில் பென்சிலால், கோணல்மாணலாக, பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்திருக்கிறான்: "அம்மாவை கேட்டோட போகச் சொல்லு."

இன்றைக்குக் காலையில் ஸ்கூல் கேட்டோடு நின்றுவிட்டேன், கண்ணம்மா. உங்கள் ஜூனியர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.