அந்தமான் கடலில் தொடர் நிலநடுக்கம்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் இணையச் செய்திப் பிரிவுகளிலும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடி உடைந்தபோது போர்ட் பிளேரில் கட்டடங்கள் ஆடின. நாகப்பட்டினத்தில் பெரும்பாலோர் ஒன்றையும் உணரவில்லை. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தீவில் இருப்பவர்களுக்குத் தரையே சொல்லிவிடும். எங்களுக்கு இன்னொருவர் சொன்னால்தான் உண்டு. இன்றைக்கு அந்த இன்னொருவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தமான் கடலில் நடுக்கங்கள் கூட்டமாக வருவது புதிதல்ல. 2005 ஜனவரி கடைசியில், சுனாமி வந்து ஒரு மாதம் ஆகும் வேளையில், நிக்கோபாருக்குக் கிழக்கே சில நாட்களுக்குள் 5 அளவைத் தாண்டியவை மட்டும் 150க்கு மேல் பதிவாயின. உலகில் பதிவான நடுக்கத் தொடர்களிலேயே மிக வலுவானவற்றில் அது ஒன்று. அதன் முடிவில் பெரும் நடுக்கமும் வரவில்லை, சுனாமியும் வரவில்லை. 2019 ஏப்ரலில் ஒரு தொடர் வந்தது. 2022 ஜூலை 4, 5 தேதிகளில் போர்ட் பிளேருக்குத் தென்கிழக்கே 24 மணி நேரத்துக்குள் இருபதுக்கு மேல். அவற்றில் பெரியது 5.0.

அந்த 2022 தொடரின்போது ஒரு சேனலில் நான் பார்த்தது இது. கீழே சிவப்புப் பட்டையில் 'அந்தமானில் அடுத்தடுத்து நிலநடுக்கம்'. மேலே 2004 அலைக் காட்சி, திரும்பத் திரும்ப. எப்போது எடுத்தது என்று ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு "இது இப்பவா?" என்று கேட்டார். அலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். பழைய படம்தான் அக்கா என்று சொன்ன பிறகும் அவர் கை நடுக்கம் நிற்கவில்லை.

தயவுசெய்து அந்தக் காட்சியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மனசுக்குக் கஷ்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, செய்தியாகவும் அது தவறு. இந்தியத் தட்டு (பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளில் ஒன்று) தீவுகளுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் பள்ளத்தில் பர்மா தட்டுக்கு அடியில் சாய்ந்து இறங்குகிறது. 2004இல் பிளந்தது அந்தச் சாய்வுப் பரப்பு, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு. கடலடி மேலே தூக்கப்பட்டதால் தண்ணீரும் எழும்பியது. நான் மேலே சொன்ன 2005, 2022 தொடர்களோ தீவுகளுக்குக் கிழக்கே, அந்தமான் கடலின் தரை மெல்ல விரிந்துகொண்டிருக்கும் பகுதியில் வந்தவை. பாரன் (Barren) தீவு எரிமலையும் அந்தப் பக்கம்தான். அங்கே தரை நழுவும் விதமே வேறு. ஆகவே ஒரு தொடர் தொடங்கியதும் முதலில் கேட்க வேண்டியது, தீவுகளுக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான். இதுவரை எந்தத் தமிழ்ச் சேனலிலும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

சரி, பீதியைக் கிளப்பாமல் இருந்தால் போதுமா? போதாது. சிலர் மறுபக்கம் சாய்ந்து, "சின்னச் சின்ன நடுக்கமாக வந்தால் அழுத்தம் குறைந்துவிடும், நல்லதுதான்" என்று விவாத மேடையில் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 5 அளவு நடுக்கங்கள் 150ஐச் சேர்த்தாலும் 6.5 அளவுள்ள ஒன்றுக்கு ஈடாகாது. 9 அளவுக்கு ஈடாக்க ஏறக்குறைய பத்து லட்சம் வேண்டும். சிறு நடுக்கங்கள் பெரியதின் கணக்கைத் தீர்ப்பதில்லை.

தொடருக்குப் பின் பெரியது வந்ததும் உண்டு. சிலியின் இக்கீக்கே அருகே 2014 மார்ச் 16இல் 6.7, அதன்பின் இரண்டு வாரம் கடல் நடுங்கிக்கொண்டே இருந்து, ஏப்ரல் 1இல் 8.2 வந்தது. ஜப்பானில் 2011 மார்ச் 9இல் 7.3, மார்ச் 11இல் 9.0. முன்னதிர்வு எது என்பது பெரியது வந்த பிறகுதான் தெரியும். "பெரும்பாலான தொடர்கள் தானாக அடங்கிவிடும், சில அடங்காது, எது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். எங்களுக்குப் புரியும். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் நிச்சயமில்லாததோடு தினமும் வாழ்கிறவர்கள்.

தேதி குறித்துச் சொல்லும் 'நிபுணர்களை' அழைக்காதீர்கள். 2025 ஜூன், ஜூலையில் ஜப்பானின் தோக்காரா தீவுகளில் ஆயிரக்கணக்கில் நடுக்கம் வந்தபோது, ஜூலை 5இல் பேரழிவு என்ற புரளியும் சேர்ந்து பரவியது. அப்படித் தேதி சொல்ல அறிவியலில் வழியில்லை என்று அந்நாட்டு வானிலை முகமை வெளிப்படையாக மறுத்தது. கூடவே எத்தனை நடுக்கம், எங்கே எவ்வளவு ஆட்டம் என்றும் தொடர்ந்து அறிவித்து வந்தது. அந்த நாளில் பேரழிவு எதுவும் வரவில்லை.

இங்கே ஒவ்வொரு முறையும் 'புலி வருது' என்று கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2004 அலை வந்து நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வரும் என்று ஓர் எச்சரிக்கை கிளம்பியது. பிணம் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூட எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. நாளைக்கு உண்மையிலேயே இரண்டு மணி நேரம்தான் இருக்கும்போது ஊர் உங்களை நம்பி எழுந்து நடக்க வேண்டும்.

அடுத்த தொடர் எப்படியும் வரும். அன்று வரைபடத்தில் பள்ளத்தையும் நடுக்கம் வந்த இடத்தையும் எங்கள் கரையையும் சேர்த்துக் காட்டுங்கள். அளவும் ஆழமும் போடுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் சுனாமி அறிவிப்பு எதுவும் வெளியிட்டிருக்கிறதா, இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் 'இல்லை' என்பதே செய்தி. தீவில் உள்ள நம் தமிழர்களுக்கு இன்னொரு வரி சேருங்கள்: நிற்க முடியாத அளவுக்கு, நீண்ட நேரம் தரை ஆடினால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், அங்கே அலைக்கு நிமிடங்கள்தான் பிடிக்கும். அப்புறம், தொடர் ஓய்ந்ததும் ஓய்ந்தது என்று ஒரு செய்தி போடுங்கள். தொடங்கிய செய்தி எல்லோருக்கும் வருகிறது. முடிந்த செய்தி இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை