சோனகதெரு வரைபடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களின் சோனகதெருவைச் சுற்றி, ஐந்து சந்தியிலிருந்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவில் வரைக்கும் நடந்து நடந்து கீறிய வரைபடம் ஒருவழியாக எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஏறிவிட்டது. கீழே என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் உங்களுடையது என்பதால் இந்த மடல்.

முதலில் தட்டாதெரு மாமிக்கு. அலுமாரியின் அடியிலிருந்து பழைய காணி உறுதிகளை எடுத்து வைத்து, "எல்லைக்கு ஆர் ஆர் எண்டு வாசி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். ஒரே காணிக்குக் கிழக்கே செட்டியார், தெற்கே மரைக்காயர், மேற்கே நகை செய்யும் பத்தர். தட்டாதெரு, கன்னாதிட்டி, சோனகதெரு, பறங்கித்தெரு என்று தெருப் பெயர்களும் அப்படித்தான் கிடக்கின்றன. எங்கள் ஊரில் ஒருவரை மட்டம்தட்ட வேண்டுமென்றால் "வந்தான் வரத்தான்", அதாவது வெளியிலிருந்து வந்தவன், என்பார்கள். அப்படி வந்தவர்களைக் கழித்தால் இந்தப் பக்கத்தில் என்ன மிஞ்சும் என்று மாமியிடம் கேட்டேன். "கிணறு மிஞ்சும்" என்றார்.

சிவன் கோவில் வீதியில் பூக்கட்டும் ஐயாவுக்கும் நன்றி. ஒல்லாந்தர் ஆட்சியில், 1791இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோவிலைக் கட்டியவர் வைத்தியலிங்கச் செட்டியார். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பம். ஆறுமுக நாவலர் 1847 மார்கழியில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்ததும் அங்கேதான். யாழ்ப்பாணச் சைவத்தின் பெருமை பேசுபவர்கள் அது வந்தவர் கட்டிய கோவில் என்பதை ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. அதே வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். திகதிகளைச் சரிபார்த்ததும் அவர்தான். என் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடும் போட்டார்.

தையற்கடை நானாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. வரைபடத்தின் ஓரக் குறிப்பில், "1990இல் சோனகதெரு மக்கள் இடம்பெயர்ந்தனர்" என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். தையல் மெசினை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாங்கள் இடம்பெயரேல்லைத் தம்பி. எங்களை வெளியேத்தினது." அவ்வளவுதான். திரும்பவும் தைக்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் இடப்பெயர்வு என்றால் 1995 ஒக்டோபர் 30. அன்றைக்கு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நானும் போனேன். நானாவுக்கு அது 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் 2 மணித்தியாலம் கொடுத்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்ன நாள். நாள் ஒன்றுதான், இடையில் 5 வருடம். ஆனால் நாங்கள் அடுத்த வருடமே வந்து எங்கள் கதவைத் திறந்தோம். அவர் புத்தளத்தில் மகளைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளையும் கண்ட பிறகுதான் திரும்பினார். அவர்கள் போன அன்று எங்கள் தெருவில் யார் என்ன செய்தார்கள் என்று நான் வீட்டில் கேட்டதே இல்லை. இப்போது கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. குறிப்பை மாற்றி எழுதியாயிற்று.

அச்சகத்துத் தம்பி இரண்டு தரம் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தான். மூன்றாந்தரம் முகத்தைச் சுளித்தான், அதுவும் நியாயம்தான். ஐந்து சந்தித் தேத்தண்ணிக் கடையில் நான் பேப்பரை விரித்து வைத்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களுக்கு அந்தக் கடைக்காரரும் மன்னிக்க வேண்டும்.

கடைசியாக, பெயர் போட வேண்டாம் என்று சொன்ன அக்காவுக்கு. கூரையும் நிலையும் போய்விட்ட வளவுக்குள் பற்றையை விலக்கி நடந்து, கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தடத்தைத் தடவிப் பார்த்துத்தான் தன் வீட்டுக் கிணறு என்று கண்டுபிடித்தீர்கள். "இதையும் படத்தில போடுங்கோ" என்றீர்கள். அதற்குள் அச்சடித்து முடித்துவிட்டோம். சுவரில் தொங்கும் படத்தில், பள்ளிவாசலுக்குப் பின்பக்கமாக நீலப் பேனையால் போட்ட சின்ன வட்டம் உங்கள் கிணறுதான்.

வாசிகசாலை பின்னேரம் நாலரைக்குத் திறக்கும். நீலப் பேனையை அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.