கை, கால் நன்றாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மூளைக்காய்ச்சல் பற்றி வெளியான மருத்துவக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘கை, கால்களுக்குப் பாதிப்பில்லையெனில் நோயாளி வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார், குடும்பத்தாரின் அன்பே மீதி மருந்து’ என்று ஒரு வரி இருந்தது. அந்த மீதி மருந்தை ஆறு ஆண்டுகளாக வேளை தவறாமல் கொடுத்து வருபவள் என்பதால், இதை எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

என் கணவருக்கு வந்தது ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசால் உண்டான மூளைக்காய்ச்சல். அந்த வைரஸ் பெரும்பாலும் டெம்போரல் லோப் எனப்படும் பொட்டு மடலைத்தான், அதாவது காதுக்கு உட்புறமாக நெற்றிப்பொட்டை ஒட்டியிருக்கும் மூளைப் பகுதியைத்தான், தாக்கும் என்பது தங்கள் கட்டுரையாளர் அறியாததல்ல. அசைக்ளோவிர் மருந்து உயிரைக் காப்பாற்றியது. கை, கால் நன்றாகவே இருக்கின்றன. தாமே வேட்டி கட்டிக்கொள்கிறார். வட்டிக் கணக்கை மனத்திலேயே போடுகிறார். 1984இல் என் நாத்தனார் திருமணத்திற்கு எந்தப் பங்காளி எவ்வளவு மொய் எழுதினார் என்பதை ஏட்டைப் பார்க்காமலே சொல்வார். ஆனால் காலையில் சாப்பிட்டது பணியாரமா இட்டிலியா என்று மதியம் கேட்டால் தெரியாது. பணியாரத்தைத் தட்டில் வைத்து இது என்னவென்று கேட்டாலோ, “குழியில ஊத்துறது” என்பாரே தவிர, அந்தச் சொல் வருவதில்லை. அவருடைய தாயார் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. “ஆத்தா சாப்பிட்டாச்சா?” என்று வாரத்தில் இரண்டு முறையாவது கேட்கிறார். முதலில் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அன்றுதான் செய்தி வந்ததுபோல் அழுதார். இப்போது “ஆச்சு” என்று சொல்லிவிடுகிறேன். தங்கள் கட்டுரை சொல்லும் வழக்கமான வாழ்க்கை இதுதான் போலும்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக 1953இல் இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியையும் அறுத்தெடுத்தார்கள். 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை என்பது பாடநூல்களிலெல்லாம் இருக்கும் செய்தி. அவருக்கும் கை, கால் நன்றாகத்தான் இருந்தன.

மறதியோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். காய்ச்சல் விட்டுச் சென்ற தழும்பிலிருந்து அவருக்கு வலிப்பும் வருகிறது. விழுந்து வெட்டி இழுக்கும் வலிப்பல்ல. பேச்சு நின்றுவிடும், பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், வாய் சப்புக்கொட்டும், விரல்கள் துண்டின் நுனியைப் பிய்க்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விட்டுவிடும். காரைக்குடியில் ஒரு திருமண வீட்டு முகப்பில், மாப்பிள்ளையின் அப்பச்சி கைகூப்பி வரவேற்றபோது இவர் இப்படி நின்றுவிட்டார். தம்மை அவமதித்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நோய் என்று நான் விளக்கியதும் ஒருவர் இரண்டாங்கட்டுக்கு ஓடிப்போய், முழ நீளத்தில் ஒரு பெட்டகச் சாவியைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தார். சாவி வந்து சேர்வதற்கும் வலிப்பு தானாக நிற்பதற்கும் நேரம் சரியாக இருந்தது. இரும்புக்குப் பெருமை வந்தது இப்படித்தான்.

அந்தப் பெருமைக்குத் தங்கள் இதழுக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ‘காக்காய் வலிப்பு’ என்று தலைப்பிட்டு, பெண் கொடுக்கும் முன் மூன்று தலைமுறை விசாரிக்கும்படி ஒருவருக்கு அறிவுரை கூறியிருந்தீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகக் கூறிய சொல்லை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் மறந்துவிட்டதைத் தங்கள் இதழ் மறக்கவில்லை. வைரசால் வந்த தழும்பு பரம்பரையாக வருவதில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும், என் மகளுக்குப் பேசிய ஓரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் தட்டிப்போனது. அதன்பிறகும் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்திற்குப் போனபோதும் இதே கதை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் உண்டு, பேச்சு-மொழிக் குறைபாடும் உண்டு. மேசைக்குப் பின்னால் இருந்தவரோ, “எந்தக் கைம்மா?” என்று கேட்டார். எந்தக் கையும் இல்லை என்றேன். நடந்து காட்டச் சொன்னார். இவரும் கம்பீரமாக நடந்து காட்டினார். திரும்பி வந்து, எதற்காக நடந்தோம் என்று என்னிடம் கேட்டார்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அதன் கீழே, வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று நான்கு வரி போடுங்கள். இடமில்லையென்றால், கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒரு மறதிக்காரர் துணுக்கு அச்சாகியிருந்தது. அந்த இடம் போதும்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகி,
காரைக்குடி.